ஹோம்ப்ரூவில் நீக்குவது பற்றி

அன்புள்ள செந்தில்,

உன் கடிதம் கிடைத்தது. உபுண்டு லினக்ஸை விட்டு நகரவே மாட்டேன் என்றிருந்த நீ மேக் வாங்கிவிட்டாய் என்றதும் ஆச்சரியமாக இருந்தது, சந்தோஷமாகவும் இருந்தது. மென்பொருள்களை நிறுவவும் நீக்கவும் அங்கே இருந்த ஏபிடி இல்லாமல் கை ஒடிந்த மாதிரி இருக்கிறது என்று எழுதியிருந்தாய். கவலைப்படாதே, மேக்கில் அதே வேலையைச் செய்ய ஹோம்ப்ரூ இருக்கிறது. 2009-இல் மேக்ஸ் ஹவல் தொடங்கியது. இன்றைக்கும் தன்னார்வலர்கள்தான் பராமரிக்கிறார்கள்.

நிறுவுவதைப் பற்றி உனக்கு அதிகம் சொல்லவேண்டியதில்லை. டெர்மினலில் 'ப்ரூ இன்ஸ்டால்' என்று அடித்துப் பெயரைக் கொடுத்தால் போதும். பழக்கத்தில் முன்னால் 'சூடோ' (நிர்வாகி உரிமையோடு ஓடவைக்கும் சொல்) போட்டுவிடாதே, ஹோம்ப்ரூ மறுத்துவிடும். உன்னுடையது ஆப்பிள் சிலிக்கன் சிப் என்பதால் எல்லாம் 'ஆப்ட்' கோப்புறைக்குள் இருக்கும் 'ஹோம்ப்ரூ'வுக்குள் போய் உட்காரும்.

நீக்குவதைப் பற்றித்தான் விரிவாக எழுத நினைத்தேன். படங்களை மாற்றியமைக்கும் இமேஜ்மேஜிக் ஒன்றைக் கேட்டுப் பார். ஜேபெக், பிஎன்ஜி, டிஃப், எழுத்துரு என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு லைப்ரரி, அதாவது துணை நிரல் தொகுப்பு, சேர்ந்து இறங்கும். நாளைக்கு இமேஜ்மேஜிக் வேண்டாம் என்றால் இவற்றை என்ன செய்வது? இதை ஹோம்ப்ரூ கையாளும் விதம் எனக்கு ரொம்பப் பிடிக்கும். 'செல்லர்' என்ற கோப்புறைக்குள் ஒவ்வொரு மென்பொருளுக்கும் பதிப்பு வாரியாகத் தனி இடம் உண்டு. அங்கே 'இன்ஸ்டால் ரிசீட்' என்று, ஜேசான் என்ற உரை வடிவில் ஒரு கோப்பு இருக்கும். திறந்து பார், 'இன்ஸ்டால்டு ஆன் ரிக்வெஸ்ட்' என்று ஒரு வரி தெரியும். நீ பெயர் சொல்லிக் கேட்டதற்கு அதில் 'ட்ரூ', கூடவே வந்ததற்கு 'ஃபால்ஸ்'. யாருக்காக எது வந்தது என்ற கணக்கு அங்கேயே இருப்பதால், கேட்டது போனதும் துணைக்கு வந்தவற்றையும் அகற்ற முடிகிறது. இப்போதைய பதிப்புகள் 'அன்இன்ஸ்டால்' செய்யும்போது தாமாகவே இதைச் செய்துவிடுகின்றன. 'ஆட்டோரிமூவ்' என்று தனிக் கட்டளையும் உண்டு. 'டிரை ரன்' சேர்த்து அடித்தால் எதையும் தொடாமல், எவையெல்லாம் போகும் என்று மட்டும் காட்டும்.

வேறொன்றுக்குத் தேவைப்படும் பைத்தான் நிரல்மொழியை நீக்கச் சொன்னால் ஹோம்ப்ரூ மறுத்து, யாருக்குத் தேவை என்று பெயரோடு சொல்லும். அந்த மறுப்பைத் தாண்டவும் வழி இருக்கிறது. ஆனால் முதலில் அது சொல்லும் பட்டியலைப் படி. இன்னொன்று, செல்லருக்குள் போய்க் கையால் மட்டும் எதையும் அழிக்காதே. 'பின்' (bin) என்ற கோப்புறையில் இருப்பதெல்லாம் அங்கே சுட்டும் இணைப்புகள்தான், அவை அந்தரத்தில் தொங்கும்.

போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ் மென்பொருளை வைத்துக்கொள்வாய் என்று தெரியும். அதை நீக்கும் முன் 'ப்ரூ சர்வீசஸ்' வழியாக நிறுத்து. மென்பொருள் போனாலும் 'வார்' (var) என்ற கோப்புறையில் உன் டேட்டாபேஸ் அப்படியே இருக்கும். இதைக் குறை என்பவர்கள் உண்டு. எனக்கு இதுதான் சரி என்று படுகிறது. நிரலை இன்னொரு முறை இறக்கிக்கொள்ளலாம், தரவு போனால் போனதுதான்.

எனக்கு உண்மையில் ஆகாதது, இணையத்திலிருந்து ஒரு ஸ்கிரிப்டை (கட்டளைத் தொகுப்பை) இழுத்து, படித்துப் பார்க்காமல் நேராக டெர்மினலின் ஷெல்லில் ஓடவிடச் சொல்லும் நிறுவல்கள். ஹோம்ப்ரூவே அப்படித்தான் உள்ளே வருகிறது, ஆனால் நீக்குவதற்கும் ஒரு ஸ்கிரிப்டைத் தருகிறது. பல கருவிகள் அதுகூடத் தருவதில்லை. எங்கே என்ன வைத்தன என்று நாம்தான் தேட வேண்டும். அதனால் எதற்கும் முதலில் 'ப்ரூ சர்ச்' அடித்துப் பார்த்துவிடு.

சரி, அந்தப் பழைய உபுண்டு இயந்திரத்தை இன்னும் அழிக்கவில்லையே? அழிக்கும் முன் அதில், கேட்டு நிறுவியவற்றைப் பட்டியலிடும் 'ஏபிடி மார்க் ஷோமேனுவல்' கட்டளையை ஓடவிட்டு, வருவதை எனக்கு அனுப்பு. உபுண்டுவோடு வந்தவையும் அதில் கலந்திருக்கும், பட்டியல் நீளம்தான். நீ விரும்பிச் சேர்த்தவற்றை மட்டும் பொறுக்கி, ஹோம்ப்ரூவில் எந்தப் பெயரில் கிடைக்கும் என்று பக்கத்தில் குறித்துத் திருப்பி அனுப்புகிறேன்.

அன்புடன்,
முரளி