"மழை முன்ன மாதிரி இல்ல" என்ற பதிலில் என்ன தவறு?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற வாரம் உங்கள் மாணவர் இணைப்பில் வந்த பருவநிலை மாற்றச் சிறப்புக் கட்டுரை பற்றி எழுதுகிறேன். அதில் ஒரு வரி: "கடலோரக் கிராமங்களில் படிக்கும் மாணவர்களுக்குப் பருவநிலை மாற்றம் பற்றிய அடிப்படை விழிப்புணர்வுகூட இல்லை." அதற்குச் சான்றாக எங்கள் பக்கத்துப் பள்ளிக்கூடத்துப் பையன் ஒருவனின் பதிலைப் போட்டிருந்தீர்கள். பருவநிலை மாற்றம் என்றால் என்ன என்று உங்கள் நிருபர் கேட்டிருக்கிறார். "மழை முன்ன மாதிரி இல்ல சார். வந்தா ஒரேயடியா கொட்டுது, இல்லன்னா வர்றதே இல்ல" என்று அவன் சொல்லியிருக்கிறான். வெப்பத்தைப் பிடித்துவைத்துப் பூமியைச் சூடாக்கும் பசுமை இல்ல வாயு என்ற சொல் அவன் வாயில் வரவில்லை. அதனால் அவனுக்கு ஒன்றும் தெரியாது என்று எழுதிவிட்டீர்கள். மேலே அரைப்பக்கத்துக்கு வெண்கரடி படம்.

அந்தப் பக்கத்தை எனக்குத் திண்ணையில் உட்கார்ந்து வாசித்துக் காட்டியது என் பேத்தி. ஒன்பதாம் வகுப்பு படிக்கிறாள். எனக்குக் கண்ணில் புரை, சின்ன எழுத்து தெரிவதில்லை. அந்த வரி வந்ததும் நிறுத்தி, இன்னொரு தடவை படித்தாள். அப்புறம் பேப்பரை மடித்து வைத்துவிட்டு, "அவன் சொன்னது சரிதானே தாத்தா?" என்று கேட்டாள்.

சரிதான். நூற்றுக்கு நூறு சரி. காற்று ஒரு டிகிரி சூடானால் ஏறத்தாழ 7 சதவீதம் கூடுதலாக ஈரத்தைத் தாங்கும் என்று அவள் ஆசிரியை நடத்தியிருக்கிறார். அதிக ஈரம் சுமக்கும் காற்று பொழியும்போது மொத்தமாகப் பொழிகிறது. 2023 டிசம்பர் 17 காலையிலிருந்து 18 காலைக்குள், ஒரே நாளில், காயல்பட்டினத்தில் 95 செ.மீ. மழை கொட்டியது. தூத்துக்குடி மாவட்டத்தில் வருஷம் முழுக்கப் பெய்ய வேண்டியதைவிட அது அதிகம். அந்தப் பையன் தன் ஊர்ப் பேச்சில் சொன்னது இதைத்தான். அறியாமைக்கு உதாரணமாக அவனை அச்சில் ஏற்றியது எனக்கு மிகவும் வருத்தமாக இருக்கிறது. அந்தப் பக்கத்தை அவன் வீட்டிலும் யாராவது வாசித்திருப்பார்கள்.

நான் அஞ்சல் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். வேதாரண்யம் வட்டத்தில்தான் வாழ்க்கை முழுவதும். 1977 நவம்பர் 12-ஆம் தேதி விடியற்காலை நாகப்பட்டினத்தைப் புயல் தாக்கியபோது எனக்குப் பதினாறு வயது. பள்ளிக்கூடத்தில் அப்போது எங்களுக்கு மிசிசிப்பி ஆறும் பிரெய்ரி புல்வெளியும் மனப்பாடம். வங்கக் கடலில் புயல் எப்படி உண்டாகிறது, எந்த மாதத்தில் வரும், வந்தால் காற்று எந்தப் பக்கமிருந்து அடிக்கும் என்று ஒருவரும் சொல்லித் தரவில்லை. எங்களைச் சொல்லிக் குற்றமில்லை, அன்றைய பாடம் அப்படி. ஆனால் அன்று எங்கள் வீட்டில் ஒன்றைக் கற்றுக்கொண்டோம். காற்று திடீரென்று நின்றால் வெளியே போகக் கூடாது.

2018 நவம்பர் 16. கஜா. நள்ளிரவு தாண்டி நாகைக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவே கரையேறியது. எங்கள் ஓட்டு வீட்டின் ஒரு பக்கம் ஏற்கெனவே போய்விட்டது. பேத்திக்கு அப்போது ஏழு வயது, சமையல்கட்டு மேடைக்கு அடியில் அவளைப் படுக்க வைத்திருந்தோம். வடக்கிலிருந்து அடித்துக்கொண்டிருந்த காற்று சட்டென்று அடங்கியது. மரத்திலிருந்து தண்ணீர் சொட்டுவது கேட்கிற அளவுக்கு அமைதி. "விட்டுடுச்சு" என்று பக்கத்து வீட்டுத் தம்பி மாட்டைப் பார்க்கக் கிளம்பினான். என் மனைவி வாசலுக்கு ஓடி, "போகாதடா, இது திரும்பி அடிக்கும்" என்று அவன் கையைப் பிடித்து இழுத்து உள்ளே உட்கார வைத்தாள். கொஞ்ச நேரத்தில் தெற்கிலிருந்து அடித்தது. முதலில் சாயாமல் நின்ற தென்னைகளெல்லாம் அந்த இரண்டாவது காற்றில்தான் போயின. மாட்டுக்கொட்டகை மேல் விழுந்ததும் அதில் ஒன்று.

போன வருஷம் புயலின் கண், அதாவது புயலுக்கு நடுவே காற்று அடங்கிக் கிடக்கும் பகுதி, பற்றிய பாடம் நடந்த அன்று பேத்தி பள்ளிக்கூடத்திலிருந்து வந்து பையைக்கூட இறக்கவில்லை. "அப்பாயி, அன்னைக்கு நின்னுச்சே, அதுதான் கண்ணு. நாம கண்ணுக்குள்ள இருந்தோம்" என்றாள். அவள் அப்பாயிக்கு எழுதப் படிக்கத் தெரியாது. நீங்கள் சொல்லும் அடிப்படை விழிப்புணர்வு எங்கள் வீட்டில் யாரிடம் இல்லை என்று எனக்குத் தெரியவில்லை.

உங்களுக்குத் தெரியாதது இல்லை. கஜாவுக்குப் பிறகு வேதாரண்யம் கரையில் கடல் கொண்டுவந்து கொட்டிய சேறு எவ்வளவு, அகஸ்தியன்பள்ளி உப்பளங்கள் என்ன கதிக்கு ஆயின, கோடியக்கரைக் காட்டில் எத்தனை மரம் சாய்ந்தது, எல்லாம் உங்கள் அலுவலகக் கோப்பில் இருக்கும். ஆனால் அந்த நேரத்தில் எங்களுக்கு வந்த முதல் பேப்பரில் எங்கள் ஊர்ப் பெயர் தவறாக அச்சாகியிருந்தது. அதைச் சுட்டிக்காட்டிக் கார்டு போட்டேன், பதில் இல்லை. 2015-இல் சென்னை மூழ்கியபோது தெருத் தெருவாகப் பெயர் போட்டு எழுதினீர்கள், அது தேவைதான். எங்களுக்கு வரும்போது மட்டும் "டெல்டா மாவட்டங்களில் பரவலாக மழை" என்று ஒரே வரி.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். ஒரே பக்கத்தில் பருவநிலை மாற்றம் என்றும், காலநிலை மாற்றம் என்றும், இன்னொரு பத்தியில் வானிலை மாற்றம் என்றும் அச்சிட்டிருக்கிறீர்கள். பிள்ளைகளின் பாடப்புத்தகத்தில் காலநிலை. வானிலை என்பது இன்றைய மழை, வெயில். காலநிலை என்பது பல பத்தாண்டுச் சராசரி. இந்த வித்தியாசத்தைத்தான் முதல் பாடமாகச் சொல்லித் தருகிறார்கள். பரீட்சையில் பேத்தி மாற்றி எழுதினால் மதிப்பெண் போகும். விழிப்புணர்வு பற்றி எழுதும் பக்கத்திலேயே அது குழம்பலாமா?

சுனாமி நினைவு நாளான டிசம்பர் 26-க்கு ஒவ்வொரு வருஷமும் மெழுகுவத்திப் படத்தோடு டில்லி ஸ்மித்தின் கதையைப் போடுகிறீர்கள். 2004-இல் தாய்லாந்தின் புக்கெட் கடற்கரையில் கடல் வழக்கத்துக்கு மாறாக நுரைப்பதைப் பார்த்து, இரண்டு வாரத்துக்கு முன் வகுப்பில் படித்ததை நினைவுபடுத்தி, சுமார் நூறு பேரைக் காப்பாற்றிய பத்து வயது ஆங்கிலேயச் சிறுமி. அருமையான பிள்ளை, என் பேத்திக்கு அந்தக் கதை தலைகீழ்ப் பாடம். ஆனால் அதே காலை எங்கள் நாகை மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரத்துக்கு மேற்பட்டவர்கள் போனார்கள். சுமத்ரா அருகே பூமி அதிர்ந்தது நம் நேரப்படி ஆறரை மணிக்கு. அலை இங்கே வர இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆனது. அந்த இரண்டு மணி நேரத்தில் எங்களுக்கு ஒருவரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அன்று குறைவாக இருந்தது பிள்ளைகளின் அறிவு மட்டும்தானா? ஹைதராபாத்தில் சுனாமி எச்சரிக்கை மையம் வந்ததே 2007-இல்தான்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். பேத்தி இரண்டு வருஷமாக மழை அளக்கிறாள். நேராக இருக்கும் ஒரு பிளாஸ்டிக் பாட்டிலின் கழுத்தை வெட்டி, அதைத் தலைகீழாகப் புனல் மாதிரி செருகி, வெளியே ஸ்கேல் ஒட்டி, கிணற்றடிக்குத் தள்ளித் திறந்த இடத்தில் செங்கல் வைத்து நிறுத்தியிருக்கிறாள். வானிலைத் துறையைப் போலவே தினமும் காலை எட்டரைக்குப் பார்த்து நோட்டில் எழுதுகிறாள். 1 மி.மீ. மழை என்றால் ஒரு சதுர மீட்டருக்கு ஒரு லிட்டர் தண்ணீர். எங்கள் முற்றமும் கூரையும் சேர்ந்து 60 சதுர மீட்டர். போன கார்த்திகையில் ஒரு ராத்திரி 90 மி.மீ. பெய்தபோது, "5,400 லிட்டர் தாத்தா, ஒரு டேங்கர் லாரி" என்று கணக்குப் போட்டுச் சொன்னாள். தன் அளவு சரியா என்று பார்க்க உங்கள் பேப்பரைத் தேடினாள். முன்பு எங்கள் பதிப்பில் ஊர்வாரியாக மழை அளவு வரும். தலைஞாயிறு, திருப்பூண்டி, வேதாரண்யம், கோடியக்கரை என்று பொடி எழுத்தில் இருக்கும். இப்போது அந்த இடத்தில் விளம்பரம்.

அந்த நாலு வரியைத் திரும்பப் போடுங்கள். இது முதல் கோரிக்கை.

இரண்டாவது, நாகைத் துறைமுகத்தில் புயல் கூண்டு ஏற்றியதாகச் செய்தி போடும்போதெல்லாம் அதன் பொருளையும் கூடவே போடுங்கள். 1-ஆம் எண்ணும் 2-ஆம் எண்ணும் புயல் தொலைவில் இருக்கிறது என்பதற்கு. 3-உம் 4-உம் துறைமுகத்துக்கே பலத்த காற்று வரலாம் என்பதற்கு. 5, 6, 7 அபாயம். 8, 9, 10 பெரும் அபாயம். இந்த மும்மூன்றுக்குள்ளும் எண் கூடினால் காற்று கூடும் என்று பொருளல்ல, புயல் துறைமுகத்தின் எந்தப் பக்கமாகக் கடக்கும், அல்லது நேர் மேலே வருமா என்பதைத்தான் சொல்கின்றன. 11 என்றால் தகவல் தொடர்பே அறுந்துவிட்டது. இதைத் தெரியாமல், "ஆறு போய் ஏழு ஏத்திட்டாங்களாம்" என்று எங்கள் தெருவில் பெரியவர்களே பயந்து ஓடிய நாள் உண்டு. பேத்தி ஒரு அட்டையில் எழுதி டீக்கடையில் ஒட்டினாள். மழையில் நனைந்து கிழிந்துவிட்டது. நீங்கள் அச்சடித்தால் வெட்டி வைத்துக்கொள்வோம்.

அந்தப் பையனிடம் வருத்தம் தெரிவித்து ஒரு வரி போட முடியுமானால் அதையும் போடுங்கள்.

பேத்தியின் நோட்டில் நான்கு பக்கங்களை ஜெராக்ஸ் எடுத்து இத்துடன் வைத்திருக்கிறேன். நோட்டையே அனுப்பலாம் என்றேன், அவள் தரவில்லை. நாளைக் காலை எட்டரைக்கு எழுத வேண்டும் என்கிறாள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற அஞ்சல் ஊழியர்,
வேதாரண்யம் வட்டம்