கடலில்லா ஊரில் இரண்டு கப்பல்கள்

சூலூர்

அன்புள்ள நண்பருக்கு,

வணக்கம். உங்கள் பெரியம்மாவுக்குக் கண்புரை அறுவைச் சிகிச்சை நல்லபடியாக முடிந்தது என்று படித்ததும் வீட்டில் எல்லோருக்கும் நிம்மதியாயிற்று. இங்கும் அனைவரும் நலம். தோட்டத்துக் கிணற்றில் இவ்வருடம் தண்ணீருக்குக் குறைவில்லை.

கோயம்புத்தூரை அடுத்த நம் சூலூர் விமானத் தளத்தை முதலில் அமைத்தது யார் என்று சென்ற கடிதத்தில் கேட்டிருந்தீர்கள். விமானப்படைதான் என்று நாம் இருவரும் இத்தனை காலம் நினைத்திருந்தோம். தேடிப் பார்த்தபோது, இரண்டாம் உலகப் போரின்போது இங்கே இருந்தது பிரிட்டிஷ் கடற்படை என்று தெரிந்துகொண்டேன். கடலைப் பார்க்க வேண்டுமானால் பாலக்காட்டுக் கணவாயைத் தாண்டிப் போக வேண்டிய ஊரில் கடற்படைக்கு என்ன வேலை என்று எனக்கும் முதலில் விளங்கவில்லை.

1942 பிப்ரவரியில் சிங்கப்பூர் ஜப்பானியரிடம் வீழ்ந்தது. ஏப்ரலில் கொழும்பு, திருகோணமலைத் துறைமுகங்களின் மீது குண்டுகள் விழுந்தன. அதே வாரத்தில் விசாகப்பட்டினமும் காக்கிநாடாவும் தாக்கப்பட்டன. விமானந்தாங்கிக் கப்பல்களில் இருந்து பறந்து அடிபட்டு வரும் விமானங்களைப் பழுதுபார்க்க, எதிரியின் கை எட்டாத, ஆனால் கொச்சித் துறைமுகத்துக்கு ரயிலில் எளிதாகப் போய்வரக்கூடிய உள்நாட்டு இடம் ஒன்று அவர்களுக்குத் தேவைப்பட்டது. நீலகிரியின் பைகாரா நீர்மின்சாரமும், பஞ்சாலைகளும், இரும்பு வேலை தெரிந்த பட்டறைக்காரர்களும் நிறைந்த கோயம்புத்தூரைவிடப் பொருத்தமான ஊர் தெற்கே வேறு இருந்திருக்காது என்பது என் எண்ணம். அந்த ஆண்டிலேயே கோயம்புத்தூரில் கடற்படை விமானப் பழுதுபார்ப்புத் தளம் தொடங்கப்பட்டது. அதன் துணையாக 1945-இல் சூலூர்த் தளம் கடற்படையின் பட்டியலில் ஏறியது.

என்னை உட்கார வைத்து யோசிக்க வைத்தது அவற்றின் பெயர்கள்தாம். பிரிட்டிஷ் கடற்படை தன் கரைத் தளங்களையும் கப்பல்களாகவே கணக்கில் வைத்துக்கொள்ளும். விமானத் தளமானால் பறவையின் பெயரைச் சூட்டும். அந்த வழக்கப்படி கோயம்புத்தூர்த் தளம் பிரிட்டிஷ் போர்க்கப்பல்களுக்குரிய ஹெச்.எம்.எஸ். என்ற அடைமொழியோடு ஹெச்.எம்.எஸ். கருடா, தாம்பரம் வல்லூறு, கொச்சி கழுகு, நம் சூலூர் வைரி. இலங்கைத் தளங்களுக்கு ராஜாளியா, உக்குஸ்ஸா என்று சிங்களப் பறவைப் பெயர்கள். லண்டனில் பராமரிக்கப்பட்ட கப்பல் பட்டியலில் நம் மொழியின் பறவைகள் வரிசையாக உட்கார்ந்திருந்தன என்பதை நினைக்க நினைக்க எனக்கு வியப்பு அடங்கவில்லை.

வைரி என்ற சொல்லை நான் கடைசியாகக் கேட்டது என் அம்மாயியின் வாயில்தான். களத்தில் தாய்க்கோழி ஒருவிதமாகக் குரல் கொடுத்தவுடன், கையில் இருக்கிற முறத்தைப் போட்டுவிட்டு, "வைரி சுத்துது, குஞ்சுகளக் கூடையப் போட்டு மூடு" என்று கத்திக்கொண்டே ஓடி வருவார். நானும் பஞ்சாரத்தைத் தூக்கிக்கொண்டு ஓடுவேன். மேலே பார்த்தால் சாம்பல் நிறத்தில் ஒரு சிறு பறவை, இறக்கையை அதிகம் அசைக்காமல் வட்டமிடும். அந்தப் பறவையின் பெயரில் ஒரு போர்த்தளம் அவருடைய களத்தில் இருந்து கூப்பிடு தூரத்தில் இருந்தது என்பதை அவர் அறிந்திருந்தாரா என்று இனி யாரைக் கேட்பேன்?

போர் முடிந்த மறு ஆண்டே இரண்டு தளங்களும் கடற்படைப் பட்டியலில் இருந்து நீக்கப்பட்டன. ஆனாலும் சூலூர் கடற்படையை முழுவதும் விடவில்லை. 1961 செப்டம்பரில் இந்தியக் கடற்படையின் ஐ.என்.எஸ். ஹன்ஸா, அதாவது அன்னம் என்ற பெயர் கொண்ட விமானத் தளம், இங்குதான் தொடங்கப்பட்டது. கோவா விடுதலைக்குப் பிறகு, 1964-இல் அங்குள்ள தபோலிமுக்கு மாறியது. வைரி இருந்த மண்ணில் அன்னம் மூன்று ஆண்டு தங்கிப் போயிருக்கிறது. கருடன் என்ற பெயரும் 1953-இல் கொச்சியில் தொடங்கிய ஐ.என்.எஸ். கருடாவுக்குப் போய்விட்டது. பிறகு விமானப்படை வளர்ந்ததும், தேஜஸ் போர் விமானங்கள் வந்ததும் நீங்கள் அறிந்தவை. 2024 ஆகஸ்டில் தரங் சக்தி என்ற பன்னாட்டு விமானப்படைப் பயிற்சிக்காக ஜெர்மனி, பிரான்ஸ், ஸ்பெயின் விமானங்களோடு பிரிட்டிஷ் டைஃபூன் போர் விமானங்களும் இங்கே வந்து இறங்கின. அந்த வாரம் முழுவதும் எங்கள் வீட்டு அலமாரியில் எவர்சில்வர் டம்ளர்கள் ஒன்றோடொன்று உரசிக்கொண்டே இருந்தன.

எல்லாத் தளங்களுக்கும் இந்தப் பேறு வாய்க்கவில்லை. உளுந்தூர்பேட்டையிலும் கயத்தாற்றிலும் போர்க்கால ஓடுதளங்கள் வெட்டவெளியாகக் கிடக்கின்றன. சோழவரத்தில் நாம் இருவரும் வெயிலில் நின்று கார்ப் பந்தயம் பார்த்தோமே, அதுவும் போர்க்கால ஓடுதளம்தான். கார்கள் ஏன் அத்தனை நீளமாக நேர்கோட்டில் ஓடுகின்றன என்று நீங்கள் அன்று கேட்டீர்கள். எனக்கு விடை தெரிய நாற்பது வருடம் ஆகியிருக்கிறது.

உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும். பெரியம்மா வாழ்க்கைப்பட்டு வந்தது கலங்கல் பக்கம். போர் நடந்த காலத்தில் அவருக்குப் பத்து வயதாவது இருந்திருக்கும். கண்கட்டு அவிழ்த்து, அவர் திண்ணையில் உட்கார்ந்து பேசும் நிலைக்கு வந்ததும் மெதுவாகக் கேளுங்கள்: தளம் அமைந்த அந்தக் காட்டை அப்போது ஊரார் என்ன பெயர் சொல்லி அழைத்தார்கள், யாருடைய கிணறுகள் அதற்குள் போயின, வெள்ளைக்கார மாலுமிகளைச் சந்தையில் பார்த்தது உண்டா. அவர் சொல்லும் சொல்லிலேயே எழுதி அனுப்புங்கள், திருத்த வேண்டாம். தை பிறந்ததும் நானே ஒருமுறை நேரில் வருகிறேன்.

அன்புடன்,
உங்கள் பழைய வகுப்புத் தோழன்