பாய்ட்டியருக்கு முன் ஓநீல்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். சென்ற இதழில் கறுப்பின ஹாலிவுட் நடிகர் சிட்னி பாய்ட்டியர் பற்றிய கட்டுரையை இரண்டு முறை படித்தேன். நியூயார்க்கின் ஹார்லெம் பகுதியில் ஒரு நாடகக் குழுவில் தரை கூட்டித் துடைத்து, அதற்கு ஈடாக நடிப்புப் பயிற்சி பெற்றார் என்று ஒரே வரியில் சொல்லிவிட்டுக் கட்டுரையாளர் ஹாலிவுட்டுக்குப் போய்விட்டார். அந்தக் குழுவை நிறுவியவர்கள் யார் என்று ஒரு சொல்கூட இல்லை. எனக்கு அது பெரிய மனக்குறை.

நடிகர் ஃபிரடெரிக் ஓநீலும் நாடகாசிரியர் ஏப்ரம் ஹில்லும் 1940இல் தொடங்கிய அமெரிக்கன் நீக்ரோ தியேட்டர்தான் அது. மிசிசிப்பியில் 1905இல் பிறந்த ஓநீல், செயின்ட் லூயிஸில் இருந்த இளவயதிலேயே ஒரு நாடகக் குழுவை உண்டாக்கியவர். ஹார்லெம் 135ஆம் தெரு நூலகத்தின் கீழ்த்தளமே இவர்களுடைய அரங்கம். உறுப்பினர் யாராவது வெளியே நடித்துச் சம்பாதித்தால் அதில் 2 சதவீதம் குழுவுக்கு வந்துவிட வேண்டும். தனி நட்சத்திரங்கள் வேண்டாம், குழுதான் பெரிது என்று நம்பியவர்கள். பின்னாளில் புகழ்பெற்ற ஹாரி பெலஃபாண்டே, ரூபி டீ ஆகியோரும் அங்கே நடிப்புப் பழகியவர்களே.

1944இல் இவர்கள் மேடையேற்றிய ‘அன்னா லூகாஸ்டா’ நியூயார்க்கின் பெரிய வணிக நாடக அரங்குகள் உள்ள பிராட்வேக்குப் போனது. போலந்துக் குடும்பத்தைப் பற்றி எழுதப்பட்ட நாடகம் அது. கறுப்பினக் குடும்பத்தின் கதையாக மாற்றியிருந்தார்கள். 957 காட்சிகள் ஓடின. ஓநீலுக்குத் துணை நடிப்புக்கான கிளாரன்ஸ் டெர்வென்ட் விருது கிடைத்தது. நாடகத்தை வளர்த்தெடுத்த குழுவுக்கு வந்ததோ மிகச் சிறிய பங்கு. நல்ல நடிகர்கள் சிலர் பிராட்வேயிலேயே தங்கிவிட்டார்கள். சில ஆண்டுகளில் குழு நொடித்துப்போனது. ஒப்பந்தத்தில் ஏமாந்தால் திறமையால் மட்டும் பிழைக்க முடியாது என்பதை ஓநீல் அங்கேதான் கண்டிருப்பார் என்று நினைக்கிறேன்.

சினிமாவில் ‘பிங்கி’, ‘நோ வே அவுட்’ போன்ற படங்களில் நடித்தார். தொலைக்காட்சியில் போலீஸ்காரராகவும் வந்தார். ஆனால் அவர் பெயர் நிற்க வேண்டிய இடம் மேடை நடிகர்களின் தொழிற்சங்கமான ஆக்டர்ஸ் ஈக்விட்டி. கறுப்பின மக்களைப் பார்வையாளர்களாக உள்ளே விடாத வாஷிங்டன் நேஷனல் தியேட்டரில் நடிக்க மாட்டோம் என்று 1940களிலேயே உறுதியாக நின்ற சங்கம் அது. நிர்வாகம் இறங்கி வராமல் 1948இல் அந்த அரங்கத்தைச் சினிமா தியேட்டராக்கிவிட்டது. 1952இல் எல்லோருக்கும் கதவு திறந்த பிறகுதான் அங்கே மறுபடியும் நாடகம் நடந்தது. 1964இல் அந்தச் சங்கத்தின் முதல் கறுப்பினத் தலைவரானார் ஓநீல். 1973 வரை அந்தப் பொறுப்பில் இருந்தார். 1968 ஜூனில் சங்கம் வேலைநிறுத்தம் செய்தபோது பிராட்வே மூன்று நாள் இருண்டு கிடந்தது.

சங்கத் தலைவரை அலுவலக ஆள் என்று ஒதுக்கிவிடுகிறோம். ஒத்திகைக்குச் சம்பளம் உண்டா, நாடகம் திடீரென நின்றால் நடிகருக்கு என்ன கிடைக்கும் என்று முதலாளிகளோடு உட்கார்ந்து பேசுவதும் நாடகப் பணிதான். 1992இல் நியூயார்க்கில் காலமானவரைப் பற்றித் தமிழில் நான் ஒரு பத்திகூடப் படித்ததில்லை. அடுத்த ஏதாவது ஓர் இதழில் நான்கு பக்கமாவது ஒதுக்குங்கள். நூலகத்தின் அந்தக் கீழ்த்தள அரங்கிலிருந்து அதைத் தொடங்கச் சொல்லுங்கள்.

தங்கள் நெடுநாள் வாசகர்