ஞாயிறு கூட்டம்: அக்ராவில் ஒரு மாலைப் பள்ளி

வணக்கம் நண்பர்களே. ஞாயிறு மாலை 6 மணி வீடியோ கூட்டத்தில், ஆப்பிரிக்காவில் காது கேளாதோருக்குப் பள்ளிகள் தொடங்கிய அமெரிக்கர் ஆண்ட்ரூ ஃபாஸ்டர் பற்றிப் பேசுகிறோம். 11 வயதில் மூளைக்காய்ச்சலால் கேட்கும் திறனை இழந்தவர். 1956இல் காது கேளாத ஆப்பிரிக்கர்களுக்காக ஓர் அமைப்பைத் தொடங்கி, மறு வருடமே கானாவின் தலைநகர் அக்ராவுக்குப் போய்விட்டார். சொந்தக் கட்டடம் கிடையாது. வேறொரு பள்ளியின் பிள்ளைகள் வீடு திரும்பிய பிறகு, அதே வகுப்பறையில் காது கேளாத குழந்தைகளுக்குச் சைகையில் பாடம். 1987இல் ருவாண்டாவில் விமான விபத்தில் இறப்பதற்குள் 13 நாடுகளில் முப்பதுக்கும் மேற்பட்ட பள்ளிகள்! அவர் கொண்டுபோன அமெரிக்கச் சைகை மொழியால் உள்ளூர்ச் சைகைகள் ஒதுங்கின என்ற குறையும் உண்டு, அதையும் பேசுவோம்.

அப்புறம், போன தடவை பாதிப் பேர் சைகை செய்யும் கை வீடியோவில் தெரியவில்லை. ஜன்னலுக்கு முதுகு காட்டி உட்காராதீர்கள். லிங்க் சனிக்கிழமை வரும்.