பத்துச் சுருள்கள், ஒரு ப்ளூ-ரே வட்டு: பழம்பட ரசிகர்களுக்கு நன்கொடை வேண்டுகோள்

அன்புள்ள பழம்பட ரசிகர்களுக்கு,

வணக்கம். 1910-களிலும் 1920-களின் தொடக்கத்திலும் வெளிவந்த அமெரிக்க மௌன நகைச்சுவைக் குறும்படங்களின் 16 மி.மீ. சுருள்கள் பத்து எங்கள் குழுவின் பொறுப்புக்கு வந்திருக்கின்றன. காலமான ஒரு சேகரிப்பாளரின் குடும்பத்தார் அவற்றை நம்பி ஒப்படைத்திருக்கிறார்கள். அவற்றை ஸ்கேன் செய்து, செப்பனிட்டு, புதிய இசை சேர்த்து, ஒரே ப்ளூ-ரே வட்டாக வெளியிட முடிவு செய்திருக்கிறோம். ஆட்கள் இருக்கிறார்கள், ஆர்வம் இருக்கிறது, பணம் மட்டும் இல்லை. அதைத்தான் உங்களிடம் கேட்கிறோம்.

பெரிய ஆவணக் காப்பகங்களும் பேர்போன வட்டு வெளியீட்டு நிறுவனங்களும் இருக்கும்போது, இந்த வேலையை ரசிகர்கள் ஏன் செய்ய வேண்டும் என்று சிலர் கேட்டார்கள். நியாயமான கேள்வி. பதில் கொஞ்சம் நீளமானது.

1912 முதல் 1929 வரை அமெரிக்காவில் வெளியான முழுநீள மௌனப் படங்கள் ஏறத்தாழ 10,900. அவற்றில் முதலில் வெளியான வடிவத்திலேயே முழுமையாக இன்று இருப்பவை 14 விழுக்காடு மட்டுமே என்று அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் 2013-இல் வெளியிட்ட ஆய்வு கூறுகிறது. பேசும்படம் வந்ததும் மௌனப் படங்களுக்குச் சந்தை இல்லாமல் போனது. சுருளில் இருந்த வெள்ளியைப் பிரித்தெடுக்கப் பல பிரதிகள் கரைக்கப்பட்டன. மிச்சத்தில் பலவற்றை நெருப்பு தின்றது. அக்காலத்து நைட்ரேட் சுருள் எரியும்போது தனக்கு வேண்டிய ஆக்சிஜனைத் தானே வெளியிடும். ஆகவே தண்ணீரில் அமிழ்த்தினாலும் அணையாது. 1937 ஜூலையில் நியூ ஜெர்சியின் லிட்டில் ஃபெரியில் ஒரு கிடங்கு தீப்பற்றியபோது, ஃபாக்ஸ் நிறுவனத்தின் மௌனப் படங்களில் பெரும்பகுதி ஒரே நாளில் இல்லாமல் போனது. இத்தனை பிரதிகளையும் ஒரே கூரையின் கீழ் வைத்திருந்ததற்குக் கொடுத்த விலை அது.

அப்படியானால் எஞ்சியவை எப்படி எஞ்சின? பலவற்றைக் காப்பாற்றியவை வீடுகள். இதை எங்கள் குழு உறுதியாக நம்புகிறது. இந்தத் திட்டம் முழுவதும் அந்த நம்பிக்கையின் மேல்தான் நிற்கிறது.

வீட்டில் படம் பார்க்கும் வழக்கம் வீடியோ கேசட்டோடு வந்ததல்ல. பிரான்சின் பதே நிறுவனம் 1922-இல் 9.5 மி.மீ. சுருளை வீடுகளுக்குக் கொண்டுவந்தது. மறு ஆண்டே கோடாக் 16 மி.மீ. சுருளை அறிமுகப்படுத்தியது. எளிதில் தீப்பற்றாத அசிட்டேட் சுருள் என்பதால் வரவேற்பறையிலேயே திரையிடலாம். அடுத்த சில ஆண்டுகளில் கோடாஸ்கோப் நூலகங்கள் தோன்றின. திரையரங்கில் ஓடி முடித்த படங்களைச் சுருக்கி, 16 மி.மீ. பிரதிகளாக்கி வாடகைக்கு விட்டார்கள். அன்றைய ரசிகருக்கு அது ஒரு மாலை நேரப் பொழுதுபோக்கு. இன்றோ, திரையரங்குக்கான 35 மி.மீ. மூலப் பிரதி அழிந்துபோன எத்தனையோ படங்களுக்கு அந்த வாடகைப் பிரதி ஒன்றே சாட்சி. எங்களிடம் உள்ள பத்தில் ஏழு சுருள்கள் அந்த வகையைச் சேர்ந்தவை.

பிரெஞ்சு இயக்குநர் ஆபெல் கான்ஸ் 1927-இல் எடுத்த ‘நெப்போலியன்’ படத்தின் கதையும் இப்படித்தான். 1954-இல் கெவின் பிரவுன்லோ என்ற பள்ளி மாணவரின் கையில் அதன் 9.5 மி.மீ. வீட்டுப் பிரதியில் இரண்டு சுருள்கள் கிடைத்தன. அந்தச் சிறு துண்டு அவரை வாழ்நாள் முழுவதும் அப்படத்தைத் தேடி அலைய வைத்தது. பல பத்தாண்டுகள் அவர் ஒட்டிச் சேர்த்த ஐந்தரை மணி நேரப் படத்தை 2016-இல் பிரிட்டிஷ் திரைப்பட நிறுவனம் ப்ளூ-ரேவாக வெளியிட்டது. வீட்டுப் பிரதியில் தொடங்கி, மீண்டும் வீட்டுப் பிரதியாக வந்து சேர்ந்தது அந்தப் படம்.

ஜெர்மன் மௌனப் படமான ‘மெட்ரோபோலிஸ்’ இன்னொரு சான்று. 1927-இல் பெர்லினில் முதல் திரையிடல் முடிந்த கொஞ்ச நாளில் அதை வெட்டிக் குறைத்துவிட்டார்கள். வெட்டுப்பட்ட காட்சிகள் தொலைந்தே போயின என்று பல தலைமுறை ஆய்வாளர்கள் முடிவுகட்டியிருந்தார்கள். 2008-இல் புவனோஸ் ஐரஸ் திரைப்பட அருங்காட்சியகத்தில் ஒரு 16 மி.மீ. நெகட்டிவில் ஏறத்தாழ 25 நிமிடக் காட்சிகள் கிடைத்தன. அந்த நெகட்டிவின் மூலப் பிரதி ஒரு தனிமனிதரின் சேகரிப்பில் இருந்தது. படியெடுத்தபோதே கீறல்களும் சேர்ந்து பதிந்துவிட்டதால், 2010-இல் வெளியான புதுப்பித்த வடிவத்திலும் அவை மழையாகத் தெரிகின்றன. தெரியட்டுமே! கீறல் விழுந்த காட்சி, இல்லாத காட்சியைவிட ஆயிரம் மடங்கு மேல்.

1922-இன் ‘நோஸ்பெராட்டு’ பற்றிச் சொல்லாமல் விட முடியாது. ‘டிராகுலா’ நாவலின் உரிமையை வாங்காமல் எடுத்த படம் என்பதால் எல்லாப் பிரதிகளையும் அழிக்கும்படி ஜெர்மன் நீதிமன்றம் உத்தரவிட்டது. அதற்குள் பிரதிகள் எல்லை தாண்டிச் சிதறியிருந்ததால்தான் இன்று நாம் அதைப் பார்க்கிறோம்.

இதனால்தான் வட்டு வேண்டும் என்கிறோம். இணையத்தில் ஏற்றினால் போதாதா என்று கேட்பவர்கள் ஒன்றை எண்ணிப் பார்க்க வேண்டும். இணையத் தளங்களில் இன்று இருக்கும் படம் உரிம ஒப்பந்தம் முடிந்ததும் சொல்லாமல் கொள்ளாமல் மறைந்துவிடுகிறது. நூற்றுக்கணக்கான வீடுகளின் அலமாரிகளில் இருக்கும் வட்டை யாரும் ஒரே இரவில் திரும்பப் பெற முடியாது. இணையத்திலும் ஏற்றத்தான் போகிறோம், ஆனால் அது வட்டுக்குப் பிறகு.

இனி சுருள்களின் நிலை. எட்டு நல்ல நிலையில் இருக்கின்றன. இரண்டில் வினிகர் வாடை அடிக்கிறது. அசிட்டேட் சுருள் சிதையும்போது அசிட்டிக் அமிலம் வெளியாகும். அந்த அமிலமே சிதைவை இன்னும் விரைவுபடுத்தும். சுருள் சுருங்கி நெளியும், ஓரத் துளைகள் இயந்திரப் பற்களில் பொருந்தாமல் கிழியும். குளிரில் வைத்தால் வேகம் குறையும், ஆனால் நிற்காது. அந்த இரண்டையும் தனியாகப் பிரித்துக் குளிர்பதனத்தில் வைத்திருக்கிறோம். எங்கள் அவசரத்துக்கு முதல் காரணம் அவைதான்.

சாதாரணப் புரொஜெக்டரில் இவற்றை ஓட்டக் கூடாது. பற்சக்கரம் இல்லாமல் உருளைகளின் மேல் சுருளை மெல்ல நகர்த்தி, துளைகளின் இடத்தை ஒளியால் அறிந்து படம்பிடிக்கும் ஸ்கேனர்தான் ஏற்றது. 400 அடி கொண்ட ஒரு 16 மி.மீ. சுருளில் 16,000 பிரேம்கள் இருக்கும். பத்துச் சுருளுக்கு 1,60,000 பிரேம்கள். மென்பொருள் தூசியையும் ஆட்டத்தையும் ஓரளவு நீக்கிவிடும். ஆனால் அதை முழுவதும் நம்பினால், வேகமாகப் பறக்கும் ஒரு தொப்பியையோ சிதறும் தண்ணீர்த் துளியையோ தூசி என்று எண்ணித் துடைத்துவிடும். எனவே ஒவ்வொரு காட்சியையும் ஒரு மனிதக் கண் பார்த்தாக வேண்டும். செலவில் பாதிக்கு மேல் இந்த உழைப்புக்கே போகிறது. இதில் சிக்கனம் பார்ப்பதில்லை என்று குழு ஒருமனதாக முடிவெடுத்திருக்கிறது. படச்சுருளுக்கே உரிய நுண்மணிகளை (கிரெயின்) வழித்தெடுத்து, முகங்களை மெழுகுபோல் ஆக்கிய வெளியீடுகளைப் பார்த்து நொந்தவர்கள் நாங்கள்.

ஓட்ட வேகமும் முக்கியம். மௌனப் படங்களைக் கையால் சுழற்றும் கேமராவில் எடுத்தார்கள். வேகம் படத்துக்குப் படம், ஏன், காட்சிக்குக் காட்சிகூட மாறும். வினாடிக்கு 24 பிரேம் என்று கண்ணை மூடிக்கொண்டு ஓட்டினால் மனிதர்கள் பொம்மைகள்போல் துள்ளுவார்கள். நகைச்சுவைக்காக வேண்டுமென்றே வேகமாக்கிய இடம் எது, நாம் கெடுத்த இடம் எது என்று பிரித்தறிய அனுபவம் வேண்டும். சராசரியாக 20 பிரேம் என்று கொண்டால் வட்டின் மொத்த நேரம் இரண்டு மணிக்குச் சற்று மேல் வரும். எல்லாப் படங்களுக்கும் பியானோ இசை புதிதாக அமைக்கப்படும். இசைக் கலைஞருக்கு உரிய ஊதியம் கொடுக்கப்படும். ரசிகர் முயற்சி என்பதற்காகக் கலைஞரிடம் இலவச உழைப்பை எதிர்பார்ப்பது முறையல்ல.

படங்களின் பெயர்களை இப்போது அறிவிக்காததற்குக் காரணம் உண்டு. இவற்றைவிடச் சிறந்த 35 மி.மீ. பிரதி எங்கேனும் இருக்கிறதா என்று உலகக் காப்பகங்களிடம் விசாரித்துக்கொண்டிருக்கிறோம். இருந்தால் அந்தப் படத்தை விட்டுவிட்டு, நிதியை மற்றவற்றுக்குச் செலவிடுவோம். ஒரு சுருளில் தலைப்பு அட்டையே இல்லை. அதை அடையாளம் காண மௌனப் பட வல்லுநர்களின் உதவியை நாடியிருக்கிறோம்.

பத்துமே 1925-க்கு முற்பட்டவை. அமெரிக்காவில் 95 ஆண்டுக் காப்புரிமைக் காலம் முடிந்து பொதுவுடைமை ஆகிவிட்டவை. பல நாடுகளில் படைப்பாளி மறைந்த ஆண்டைக் கொண்டே காலம் கணக்கிடப்படுவதால், அங்கெல்லாம் விற்குமுன் சட்ட ஆலோசனை பெறுவோம். அதற்கும் ஒரு சிறு தொகை ஒதுக்கியிருக்கிறோம்.

வட்டு அழுத்தி வார்க்கும் முறையில் தயாராகும். கணினியில் எரித்துப் பதியும் வட்டுகள் மலிவு, ஆனால் அவற்றின் ஆயுளை நம்பி இந்தப் படங்களை ஒப்படைக்க எங்களுக்கு மனமில்லை. எந்த நாட்டு இயந்திரத்திலும் ஓடும்படி மண்டலப் பூட்டு இல்லாமல் வெளியாகும்.

நிதியில் ஒரு சிறு பங்கு எங்கள் மாதச் செய்தி மடலுக்கும் போகும் என்பதை வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறோம். எந்தப் பழைய படம் எப்போது வட்டாகிறது, புதிய ஸ்கேனா பழைய மாஸ்டரின் மறுபதிப்பா, முழு வடிவமா வெட்டுப்பட்டதா என்று தேடிச் சரிபார்த்து எழுதும் அந்த மடல் இதுவரை இலவசமாக வந்தது. இனியும் அப்படியே வரும்.

எவ்வளவு தருவது என்பது உங்கள் வசதி. சிறு தொகை அனுப்பத் தயங்க வேண்டாம். ஆயிரம் பேரின் சிறு தொகை, ஒருவரின் பெருந்தொகையைவிட இந்தத் திட்டத்துக்கு வலுவானது. நன்கொடையாளர் பெயர்கள் வட்டுடன் வரும் கையேட்டில் அச்சாகும். வேண்டாம் என்பவர்கள் குறிப்பிட்டால் போதும். பணம் தர இயலாதவர்கள் வேறு வகையிலும் உதவலாம். பழைய 16 மி.மீ. அல்லது 9.5 மி.மீ. சுருள் வீட்டில் இருந்தால் தயவுசெய்து ஓட்டிப் பார்க்காதீர்கள், தூக்கி எறியவும் வேண்டாம். பெட்டியின் மேல் என்ன எழுதியிருக்கிறது என்று மட்டும் எங்களுக்குத் தெரிவியுங்கள். அக்காலத் திரைப்பட இதழ்களைப் படித்துத் தேதிகளைச் சரிபார்க்கவும் கையேட்டுக்கு மெய்ப்புப் பார்க்கவும் ஆட்கள் வேண்டும்.

வரவு செலவுக் கணக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை நன்கொடையாளர் அனைவருக்கும் அனுப்பப்படும். மார்ச் 31-க்குள் முழு இலக்கும் எட்டவில்லை என்றால், வினிகர் வாடை அடிக்கும் இரண்டு சுருள்களை மட்டும் உடனே ஸ்கேன் செய்துவிட்டு மிச்சப் பணத்தை விகிதப்படி திருப்பித் தருவோம். நன்கொடைப் படிவம் இத்துடன் இணைக்கப்பட்டுள்ளது. அதை நிரப்பி, தொகையுடன் பொருளாளருக்கு அனுப்பக் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
செயற்குழுவினர்