பாட்டுக்குப் பின்னால் நிற்பது பற்றி, கண்ணுவுக்கு

அன்புள்ள கண்ணு,

ஆர்கெஸ்ட்ராவில் கிட்டார் வாசிக்கக் கூப்பிட்டதற்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டாயாம். அக்கா போனில் சொன்னாள். "யாரோ பாட, பின்னால் நின்னு கார்டு (சேர்ந்து ஒலிக்கிற சுரங்கள்) பிடிக்கவா இத்தனை வருஷம் கத்துக்கிட்டேன்?" என்று கேட்டாயாம். நியாயமான கேள்விதான். போனில் சொல்லி முடிகிற பதில் இல்லை என்பதால் எழுதுகிறேன். சேலத்திலும் ஏற்காட்டிலும் உன்னைப் போல கிட்டாரும் கையுமாக இருக்கிற மற்ற பிள்ளைகளும் படிக்கட்டும் என்றுதான் எல்லாரும் பார்க்கிற இடத்தில் எழுதுகிறேன்.

தனியாக உட்கார்ந்து வாசிக்கும் மேடைதான் உன் ஆசை. தாராளமாக ஆசைப்படு. ஆனால் அந்த மேடையில் உட்கார்ந்தவர்கள் அங்கே எப்படிப் போய்ச் சேர்ந்தார்கள் என்று கொஞ்சம் பார்.

உன் போனில் ஓயாமல் ஓடுகிற பாக்கோ தெ லூசியாவையே எடுத்துக்கொள். அவர் வாசித்த ஸ்பெயின் நாட்டு இசையான ஃபிளமெங்கோவில் கிட்டாரின் முதல் வேலையே பாட்டுக்கும் ஆட்டத்துக்கும் துணை நிற்பதுதான். அவர் பதின்ம வயதில் ஒரு நடனக் குழுவோடு ஊர் ஊராகச் சுற்றியவர். அப்புறம் கமரோன் என்ற பாடகருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வருஷக்கணக்கில் வாசித்தார். பாடுகிறவர் எங்கே இழுப்பார், எங்கே மூச்சு விடுவார், எங்கே தாளத்தை அறுப்பார் என்று காதைத் தீட்டிக்கொண்டு வாசித்த கை அது. இசைக்குறிப்பு பார்த்து வாசிக்கும் பழக்கமே இல்லாதவர், 1991-இல், நாற்பது வயதைத் தாண்டிய பிறகு, ரொத்ரீகோ என்ற இசையமைப்பாளரின் புகழ்பெற்ற கிட்டார் கான்செர்ட்டோவைப் பெரிய வாத்தியக் குழுவோடு மேடையில் வாசித்தார்.

ஜாஸ் கிட்டார்காரர் ஜாங்கோ ரைன்ஹார்ட் சிறு பையனாகப் பாரிஸ் நடன அரங்குகளில் அக்கார்டியன்காரர்களுக்குப் பக்கவாத்தியம் வாசித்தார். 1928-இல் தீ விபத்தில் இடது கையில் இரண்டு விரல்கள் சரியாக இயங்காமல் போய், மீதி விரல்களை வைத்துப் புதிதாகக் கற்றுக்கொண்டு, 1934-இல் தன் குழுவோடு ஜாஸ் மேடைக்கு வந்தார். ராக் கிட்டார்காரர் ஜிமி ஹெண்ட்ரிக்ஸ் 1966-இல் லண்டனுக்குப் போகும் முன்பு லிட்டில் ரிச்சர்ட் மாதிரி பாடகர்களுக்குப் பின்னால் நின்று வாசித்தவர். இங்கிலாந்து கிட்டார்காரர் ஜான் மெக்லாலின் லண்டனில் யார் யார் ரெக்கார்டிங்குக்கோ கூலிக்கு வாசித்தவர். அதே ஆள்தான் பின்னால் தபேலா ஜாகிர் உசேன், வயலின் எல். சங்கர், நம்ம கடம் விக்கு விநாயக்ராம் எல்லாரோடும் 'சக்தி' குழுவில் உட்கார்ந்தார். கமகம் வளைய வேண்டும் என்பதற்காக கிட்டார் கழுத்தில் குறுக்கே பதித்திருக்கும் ஃப்ரெட்டுகளுக்கு நடுவே மரத்தைக் குடைந்த கிட்டாரை வைத்துக்கொண்டார்.

வெளிநாட்டுக் கதை எதற்கு? இளையராஜா, தன் அண்ணனின் குழுவோடு ஊர் ஊராகப் போனவர். சென்னைக்கு வந்து தன்ராஜ் மாஸ்டரிடம் இசை படித்தார், மற்றவர்களின் ரெக்கார்டிங்கில் கிட்டார் வாசித்தார், இசையமைப்பாளர் ஜி.கே. வெங்கடேஷிடம் உதவியாளராக இருந்தார். 1976-இல்தான் சொந்தமாகப் படம் வந்தது. 1982-இல் வந்த 'இளைய நிலா' பாட்டின் கிட்டாரை ஏற்காட்டில் நீ வாசிக்காத நாள் கிடையாது. அதை வாசித்தவர் சந்திரசேகர். பாட்டு தெரிந்தவர்களில் எத்தனை பேருக்கு அந்தப் பெயர் தெரியும்? எனக்கு அதில் வருத்தம் உண்டு. ஆனாலும் அந்த வாசிப்பு நாற்பது வருஷம் தாண்டியும் நிற்கிறது. அதுவும் ஒரு பாடகருக்குப் பின்னால் வாசித்ததுதானே?

ஸ்பெயின் கிட்டார் மேதை செகோவியாவைச் சொல்வாய் என்று தெரியும். அவர் பாதை வேறுதான், ஒத்துக்கொள்கிறேன். கிட்டாரைக் கச்சேரி மேடைக்குக் கொண்டுபோவதையே வாழ்நாள் வேலையாக வைத்துக்கொண்டவர். மேற்கத்திய இசையமைப்பாளர் பாஹ் எழுதிய சிலவற்றைக் கிட்டாருக்கு மாற்றினார், இசையமைப்பாளர்களைத் தனக்காக எழுத வைத்தார். அந்த வழியில் போக உனக்கு விருப்பம் இருந்தால் நான் குறுக்கே நிற்க மாட்டேன். ஆனால் அதற்கு நல்ல வாத்தியார், பல வருஷப் பொறுமை, நடுவில் சோற்றுக்கு ஒரு வழி, மூன்றும் வேண்டும். மூன்றாவதைப் பற்றித்தான் உன் அப்பா கவலைப்படுகிறார், அவரைக் கோபிக்காதே. கிட்டார் பிரசன்னா சென்னை ஐ.ஐ.டி.யில் கப்பல் கட்டும் படிப்பை முடித்துவிட்டு, அமெரிக்காவில் பெர்க்லி இசைக் கல்லூரியில் படித்து, கிட்டாரில் கர்நாடக சங்கீதம் வாசிப்பவர். நீயும் டிகிரியை முடி.

நீ ஏற்காட்டிலிருந்து இறங்கி வரும் ரோட்டில் மாடர்ன் தியேட்டர்ஸ் வளைவு நிற்கிறதே, டி.ஆர். சுந்தரம் 1930-களில் தொடங்கிய கம்பெனி அது. மாதச் சம்பளத்துக்கு ஆள் வைத்துப் படம் எடுத்த இடம். அந்த மாதிரி மாதச் சம்பளம் இன்றைக்கு நம் ஊர் கிட்டார்காரருக்குக் கிடையாது. சர்ச், ஆர்கெஸ்ட்ரா, வகுப்பு, எப்போதாவது ரெக்கார்டிங் என்று சேர்த்துத்தான் மாதம் ஓடும். ஆடி வந்தால் கோட்டை மாரியம்மன் பண்டிகையிலிருந்து எல்லா அம்மன் கோயிலிலும் கச்சேரி. மார்கழியில் கல்யாணமே இருக்காது, அந்த மாதத்துக்கு முன்கூட்டியே எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும்.

சரி, கார்டு பிடிப்பதில் என்ன இருக்கிறது என்றாயே. மேடையில் டி மைனர் சுருதியில் ஒரு பாட்டு. சில கம்பிகளை அழுத்தாமல் விட்டு வாசிக்கிற ஓப்பன் கார்டில் சுகமாகப் போகலாம் என்று நிற்பாய். பாடுகிற அம்மா திரும்பி, "தம்பி, அரைக்கட்டை இறக்கிக்கலாமா" என்பார். கீபோர்டுகாரர் சுருதி மாற்றும் ஒரு பட்டனைத் தட்டிவிட்டுச் சிரிப்பார். கிட்டார் கழுத்தில் மாட்டுகிற கேப்போ சுருதியை ஏற்றத்தான் உதவும், இறக்காது. நீ அந்த நொடியில் சி ஷார்ப் மைனருக்குப் போய், நாலாவது ஃப்ரெட்டில் ஒரு விரலால் கம்பிகளைக் குறுக்கே அழுத்திப் பார் போட்டு, பாட்டு முடிகிற வரைக்கும் பெரும்பாலும் பார் கார்டுகளிலேயே வாசிக்க வேண்டும். தபேலாவோடு தாளமும் விலகக் கூடாது. இதை எந்த வீடியோவிலும் உட்கார்ந்து கற்க முடியாது. இந்த ஒரு ஆடி மாதம் இப்படி வாசித்துப் பார், ஃப்ரெட்போர்டு முழுக்க உன் கைக்கு வந்துவிடும்.

பெண்பிள்ளை கிட்டாரோடு ராத்திரி கச்சேரிக்குப் போவதா என்று சொந்தத்தில் சிலர் கேட்கிறார்கள். அமெரிக்காவின் சிஸ்டர் ரொசெட்டா தார்ப் 1930-களிலேயே சர்ச் பாட்டைக் கிட்டாரோடு பாடி மேடை ஏறி, பின்னால் எலெக்ட்ரிக் கிட்டாரையும் கையில் எடுத்த பெண். ராக் இசைக்கு வழி போட்டவர்களில் அவரும் ஒருவர் என்று இப்போது எல்லாரும் ஒத்துக்கொள்கிறார்கள். போக வர வண்டிக்கு ஏற்பாடு நான் பண்ணுகிறேன், அந்தப் பேச்சை என்னிடம் விடு.

இன்னொன்று. மலையில் பனியும் ஈரமும் குடித்த கிட்டார் மரம், சேலம் வெயிலுக்கு வந்தால் சுருதி நிற்காது. இருபது கொண்டை ஊசி வளைவு இறங்கியதும் பையைத் திறந்து ட்யூன் பண்ண உட்காராதே. அரை மணி நேரம் பையிலேயே கிடக்கட்டும். கம்பிகளும் மலையில் சீக்கிரம் துருப்பிடிக்கும், ஒரு செட் கூடவே வைத்துக்கொள்.

குழுக்காரரிடம் பேசிவிட்டேன், இன்னும் வேறு ஆள் போடவில்லை. ஞாயிற்றுக்கிழமை ஒத்திகைக்கு வா. ஒரு நோட்டு கொண்டு வந்து, ஒவ்வொரு பாட்டுக்கும் யார் பாடினால் எந்த ஸ்கேல் (சுருதி) என்று குறித்துக்கொள். பேமென்ட் எவ்வளவு என்பதை முதல் நாளே கேள், புதுப் பொண்ணு என்று தயங்காதே. கார்டு பிடிக்கிற ரிதம் கிட்டாருக்கு இதுவரை என்ன கொடுத்தார்களோ அதற்கு ஒரு ரூபாய் குறைந்தாலும் ஒத்துக்கொள்ள வேண்டாம்.

அன்புடன்,
மாமா