திருப்பூர் நூலும் எம்டன் கப்பலும்

அன்புள்ள மாப்ளே,

உன் கடுதாசி கிடைத்தது. மகளுக்குச் சம்பந்தம் முடிவான சேதி கேட்டு வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். தை மாசம் என்றால் நாங்கள் முன்கூட்டியே சென்னைக்கு வந்துவிடுகிறோம். ஒறம்பரை மாதிரி பந்திக்கு மட்டும் வந்து போகமாட்டேன். பந்தல் வேலையிலிருந்து பார்த்துக்கொள்கிறேன். இங்கே கீழ்பவானி வாய்க்காலில் தண்ணி விட்டாயிற்று. தம்பி நடவுக்கு ஆள் தேடி அலைகிறான். அப்பா திடமாக இருக்கிறார். பனியன் தொழில் சுமாராக ஓடுகிறது.

கப்பல் விஷயத்துக்கு வருகிறேன். 1/700 அளவு மாதிரிக் கப்பலுக்கு, அதாவது நிஜத்தில் எழுநூறில் ஒரு பங்கு நீளத்துக்கு நீ செய்கிற கப்பலுக்கு, கொடிக்கயிறும் ஏரியல் கம்பியும் கட்ட எந்த நூல் நல்லது என்று கேட்டிருந்தாய். வெளிநாட்டில் இதற்கென்றே விற்கிற நூலின் விலையையும் எழுதியிருந்தாய். அதை வாங்காதே. கடலே இல்லாத நம்ம ஊரில்தான் அதற்கு ஏற்ற நூல் கிடைக்கிறது. பனியன் துணியில் சேர்த்துப் பின்னுகிறோமே, 20 டீனியர் லைக்ரா என்கிற இழுபடும் மெல்லிய நூல், அதுதான். டீனியர் என்பது நூலின் பருமனைச் சொல்கிற கணக்கு. நம்ம நிட்டிங் மெஷின் பக்கத்தில் தீர்ந்த ரோலில் மிச்சம் ஒட்டியிருக்கிற நூலே ஒரு கப்பற்படைக்குப் போதும்.

கணக்குப் போட்டுப் பார். சாதாரண தையல் நூல் ஏறத்தாழ 0.2 மி.மீ. தடிமன். 1/700 அளவில் அது நிஜக் கப்பலில் 14 செ.மீ. தடித்த வடம் ஆகிவிடும். நான் செய்கிற எம்டன், 1914-ல் சென்னைமேல் குண்டு போட்ட ஜெர்மன் போர்க்கப்பல், அதன் பீரங்கி வாயே 10.5 செ.மீ. தான்! பீரங்கிக் குண்டைவிடத் தடித்த கொடிக்கயிறு எந்தக் கப்பலில் இருக்கும்? 20 டீனியர் லைக்ரா சுமார் 0.05 மி.மீ. அதை இரண்டு மடங்கு நீளத்துக்கு இழுத்துக் கட்டினால் இன்னும் மெலிந்து 0.035 ஆகும். என்னுடைய 1/350 அளவில் அது 12 மி.மீ. கயிறு. உன்னுடைய அளவில் 25. நிஜக் கம்பிக்கு இவ்வளவு கிட்டத்தில் வேறெந்த நூலும் எனக்குக் கிடைக்கவில்லை. கைபட்டால் அறுந்துபோகாமல் இழுபட்டுத் திரும்பிவிடும் என்பது அடுத்த நன்மை. கிட்டில் உதிரிகள் ஒட்டி வருகிற பிளாஸ்டிக் சட்டத்தைச் சூடுகாட்டி இழுத்த இழை சட்டை நுனி பட்டாலே முறியும். வெள்ளை லைக்ராவாக இருந்தால் மார்க்கர் பேனாவால் ஒருமுறை தடவிக்கொள்.

ஒட்டுவதில் உனக்கும் எனக்கும் ஊர் வித்தியாசம் இருக்கிறது. சூப்பர் குளூ காற்றிலும் பரப்பிலும் இருக்கிற ஈரத்தைப் பிடித்துத்தான் இறுகும். திருவான்மியூரில் கடற்காற்று வீசும் வீட்டில் உனக்கு உடனே பிடித்துவிடும். இங்கே மாசி, பங்குனியில் காய்ந்த காற்றில் நூலைப் பிடித்துக்கொண்டு காத்திருக்க வேண்டும். வாயால் மெதுவாக ஊதினால் மூச்சின் ஈரத்திலேயே பிடித்துக்கொள்கிறது. பெயிண்ட் அடிப்பதிலும் இதே கதைதான். ஏர்பிரஷ்ஷிலிருந்து கிளம்பின அக்ரிலிக் துளி கப்பலைத் தொடுமுன்பே காய்ந்து, மணல் ஒட்டின மாதிரி படிகிறது. ஆடி மாசத்தில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று புழுதியும் சேர்த்துக் கொண்டுவருகிறது. அதனால் விடியற்காலையில் ஜன்னலைச் சாத்திவிட்டு, பெயிண்ட் காய்வதைத் தாமதப்படுத்துகிற ரிடார்டர் சில துளி சேர்த்து, கிட்டத்தில் வைத்து அடிக்கிறேன். மேற்பரப்பு இப்போது வழுவழுவென்று வருகிறது.

எம்டனைத்தான் எடுத்திருக்கிறேன் என்று எழுதினேனல்லவா? ரெவெல் கம்பெனியின் 1/350 கிட். நிஜக் கப்பல் 118 மீட்டர். என் மேசையில் கிட்டத்தட்ட 34 செ.மீ. பத்துப் பீரங்கிக்கும் பெட்டியில் வந்த குழல்களை ஒதுக்கிவிட்டேன். கணக்குப்படி குழலின் வாய் 0.3 மி.மீ. இருக்க வேண்டும், அச்சில் வார்த்த பிளாஸ்டிக் அப்படி வாய் திறந்து வராது. மருந்துக்கடையில் 26 கேஜ் ஊசி வாங்கினேன். வெளிவிட்டம் 0.46, உள்விட்டம் 0.26. பீரங்கியின் வாய்க்கு அப்படியே பொருந்துகிறது. அரத்தால் சுற்றிலும் ஒரு கோடு போட்டு மடக்கினால் சுத்தமாக முறியும். பாய்மரம் இரண்டும் பித்தளைக் கம்பிதான். டிரில்லில் மாட்டிச் சுழலவிட்டு, உப்புத்தாளால் நுனி நோக்கி மெலியத் தேய்த்தேன். பிளாஸ்டிக் மரமாக இருந்தால் நாலு கயிறு கட்டியதும் வளைந்துவிடும். லைக்ராவின் சின்ன இழுப்புகூடச் சேர்ந்தால் அதற்குத் தாங்காது.

கைப்பிடிக் கம்பி, ஏணி எல்லாம் எட்சிங் செய்த பித்தளைத் தகடு. கோவையில் பம்பு செட்டுக்குப் பெயர்த்தகடு செய்கிற பட்டறைக்காரர் ஒருவரிடம் கப்பலின் ஏணி வரைபடத்தைக் காட்டினேன். படத்தைத் தகட்டில் ஏற்றி, வேண்டாத இடத்தை அமிலக் கரைசல் தின்னவிடுவதுதானே, செய்துபார்க்கலாம் என்றார். வெளிநாட்டுத் தகட்டுக்கு நிகராக வந்தால் உனக்கும் ஒரு படி அனுப்புகிறேன்.

இனி நீ ஒத்துக்கொள்ளாத விஷயம். எம்டன் என்றால் சென்னைதான், 1914 செப்டம்பர் 22 இரவுதான், அதைத்தான் செய்ய வேண்டும் என்கிறாய். உன் ஊர்ப்பாசம் புரிகிறது. பர்மா ஆயில் டேங்குகள் எரிந்ததைப் பற்றி உன் தாத்தா சொன்னதெல்லாம் எனக்கும் நினைவிருக்கிறது. ஆனால் அன்றைக்கு அந்தக் கப்பலை யார் சரியாகப் பார்த்தார்கள்? இருட்டில் ஒரு தேடுவிளக்கும் பீரங்கி வெளிச்சமும்தான் தெரிந்தன. எனக்கு வேண்டியது கண்ணுக்கு முன் நின்ற கப்பல். அதனால் அக்டோபர் 28, பினாங்கு, விடியற்காலை என்று முடிவு செய்துவிட்டேன்.

எம்டனுக்குப் புகைபோக்கி மூன்று. பிரிட்டிஷ்காரர்களின் குரூசர், அதாவது வேகப் போர்க்கப்பல், யார்மத்துக்கு நான்கு. முதல் அதிகாரி மூக்கேயின் யோசனைப்படி கேன்வாஸ் துணியில் நாலாவது ஒன்றைச் செய்து நிறுத்தினார்கள். அந்த வேஷத்தோடுதான் பினாங்குத் துறைமுகத்துக்குள் புகுந்து ரஷ்யக் குரூசர் ழெம்சுக்கை மூழ்கடித்தார்கள். அந்த நாலாவது புகைபோக்கியைச் செய்வதுதான் இந்தக் கப்பலிலேயே எனக்குப் பிடித்த வேலை. மற்ற மூன்றும் இரும்பு, இது துணி. ஒரே சாம்பல் நிறம் அடித்தாலும் துணிக்கு மினுமினுப்பு இருக்காது, ஓரம் கொஞ்சம் தளர்ந்து நிற்கும். மெல்லிய செப்புக் கம்பி வளையத்தின்மேல் டிஷ்யூ தாளை, நீர்விட்ட பெவிகாலில் நனைத்துச் சுற்றியிருக்கிறேன். உச்சியில் கரி படியாது, ஏனென்றால் அதில் புகை வந்ததே இல்லை. மற்ற மூன்றின் உச்சியிலும் கரி நிறையவே வேண்டும். மாசக்கணக்காகக் கடலிலேயே நிலக்கரி ஏற்றி ஓடிய கப்பல் அது. போருக்கு முந்தின வெள்ளை நிறத்தில் அழகாக இருக்கும் என்கிறாய். உண்மைதான். ஆனால் அந்த வெள்ளை, அமைதிக்காலத்து சீனக் கடற்கரைக் கப்பலுடையது; பினாங்குக்கு வந்தது சாம்பல் நிறத்தில், களைத்து வந்த கப்பல்.

இன்னொன்றையும் உன்னிடம்தான் சொல்ல முடியும். நுணுக்கத்துக்காகப் பழைய போட்டோக்களைத் தேடும்போது, நவம்பர் 9-க்குப் பிறகு வடக்குக் கீலிங் தீவில் பாறைமேல் சிதைந்து கிடக்கிற எம்டனின் படங்கள் வருகின்றன. அன்றைக்கு அதனோடு மோதிய ஆஸ்திரேலியக் குரூசர் சிட்னியின் பீரங்கிகள் எம்டனுடையவற்றைவிடப் பெரியவை. எம்டனில் நூற்றுக்கு மேற்பட்டவர்கள் செத்துப்போனார்கள். சிட்னியிலும் சிலர் போனார்கள். மேல்தளத்தில் எது எங்கே இருந்தது என்று பார்க்க அந்தப் படங்களைவிடத் தெளிவானவை குறைவு. பூதக்கண்ணாடியை வைத்துப் பார்க்கிறபோது கை சித்த நேரம் நின்றுவிடுகிறது. அதற்காகவே அளவு தப்பாமல் செய்ய வேண்டும் என்று தோன்றுகிறது. பெட்டிப் படத்தில் இருக்கிறபடி ஒட்டி முடித்துவிட்டு, அதை எம்டன் என்று அலமாரியில் வைக்க எனக்கு மனசு வரவில்லை.

உன் 1/700 கப்பலுக்கு மரத்தள ஸ்டிக்கர், திரீடி பிரிண்ட் படகுகள், இன்னும் என்னென்னவோ வாங்கப்போவதாக எழுதியிருந்தாய். படகுகளை வாங்கு; பெட்டியில் வருகிறவை பெரும்பாலும் கட்டைத்தனமாக இருக்கும். ஸ்டிக்கர் வேண்டாம் என்பேன். அந்த அளவில் பலகைக்கு நடுவே இருக்கிற கோடு கண்ணுக்கே தெரியக்கூடாது. தளத்துக்கு ஒரே நிறம் அடித்து, அங்கங்கே ஒரு சாயல் வெளுப்பு கொடுத்தால் போதும். நிறத்தைக் கொஞ்சம் வெளுப்பாகவே வை. சின்னக் கப்பலைப் பார்ப்பது தூரத்தில் நிற்கிற பெரிய கப்பலைப் பார்ப்பது மாதிரி, தூரம் நிறத்தை வெளுக்கவைக்கும்.

நம்ம கோயமுத்தூரிலும் கடற்படை இருக்கிறது தெரியுமா? ரெட்பீல்ட்ஸில் ஐ.என்.எஸ். அக்ரணி என்கிற பயிற்சி நிலையம். அந்தப் பக்கம் போகிறபோதெல்லாம் பெயர்ப்பலகையைப் பார்த்துச் சந்தோஷப்பட்டுக்கொள்கிறேன்.

எனக்காக ஒரு வேலை செய். ஐகோர்ட் சுற்றுச்சுவரில் எம்டன் குண்டு விழுந்ததைக் குறித்த கல்வெட்டு இருக்கிறதல்லவா, அதை எழுத்துத் தெரியும்படி பக்கத்திலிருந்து போட்டோ எடுத்து அனுப்பு. கப்பலுக்குப் பின்னால் மாட்டப்போகிறேன். பினாங்கு வேஷத்தில் நின்றாலும் சென்னையை விட்டுவிட்டேன் என்று நீ சொல்லக்கூடாது.

லைக்ரா ஒரு ரோல் பார்சலில் போட்டிருக்கிறேன். வெள்ளைதான் கையில் இருந்தது. கறுப்பு வேண்டுமென்றால் எழுது, அடுத்த லாட்டில் எடுத்துவைக்கிறேன். கல்யாணப் பத்திரிகையைத் தபாலில் அனுப்பாமல் நேரில் வந்து கொடு. அம்மா அரிசிம்பருப்புச் சோறு ஆக்கிவைப்பதாகச் சொல்லச் சொன்னார்கள்.

அன்புடன்
உன் சிநேகிதன்
திருப்பூர்